கஷ்டமான உறவுக்குள்ளே நாம் நாமாக இருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் பல வருடமாக உளவளத்துணை வேலையில் இருக்கிறேன். ஆரையம்பதியில் கேட்கிற கேள்வியைத்தான் திருக்கோவிலிலும் கேட்கிறார்கள். காத்தான்குடியில் கேட்பதும் ஏறக்குறைய அதேதான். ஆனால் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அதனால்தான் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்ச்சொல்லில் இருக்கின்றன. ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டேன். சட்டம் வரும் இடங்களில் பொதுவான நிலைமையை மட்டும் சொல்கிறேன். உங்கள் சொந்த விஷயத்துக்கு ஒரு சட்டத்தரணியைக் கேளுங்கள்.

உண்மையா இருக்கணும் எண்டு சொல்லுறீங்க. அப்ப மனசில படுற எல்லாத்தையும் மூஞ்சிக்கு நேரே சொல்லணுமா?

வேண்டாம். கோபத்தில் வரும் வார்த்தைகளில் பாதி சொன்னவருக்கே மறுநாள் ஞாபகம் இருக்காது. கேட்டவருக்கு மட்டும் இருபது வருடம் இருக்கும்.

இந்தப் பக்கத்தில் நான் உண்மை என்று சொல்வது இதைத்தான்: சம்மதம் இல்லாத ஒன்றுக்கு ஓம் சொல்லாமல் இருப்பது. செய்ய மாட்டோம் என்று தெரிந்தே வாக்குக் கொடுக்காமல் இருப்பது. இதை வாயை மூடிக்கொண்டும் செய்யலாம். மாமியின் கறியில் உப்புக் கூடிவிட்டது என்று சொல்லாமல் விட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. உங்கள் பெயரில் கடன் எடுக்கச் சொல்லும்போது மனமில்லாமல் தலையாட்டினீர்களே, பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

எனக்கெண்டு ஒண்டைக் கேட்டாலே சுயநலம் எண்டுறாங்க. கேட்ட பிறகு எனக்கே மனம் குத்துது.

இதை அதிகம் கேட்பவர்கள் மூத்த பெண்பிள்ளைகள். தம்பி தங்கையைத் தூக்கி வளர்த்து, தன் பங்கை எப்போதும் கடைசியாக எடுத்துப் பழகியவர்கள்.

மனம் குத்தும்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: நான் கேட்டதால் யாருக்கு என்ன நட்டம்? பதில் தெளிவாக வந்தால், அதாவது பிள்ளையின் டியூஷன் காசை எடுத்துச் சேலை வாங்கிவிட்டேன் என்பதுபோல் ஒன்று வந்தால், அந்தக் குத்தலுக்கு வேலை இருக்கிறது, போய்ச் சரிசெய்யுங்கள். பதில் வரவில்லை, ஆனால் குத்துகிறது என்றால் நீங்கள் பழக்கத்தை மாற்றியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். அது நாலைந்து தரம் செய்தபின் தானாகக் குறையும். குறையும்வரை காத்திருக்காமல், குத்தலோடேயே செய்யலாம்.

நான் இன்னும் நானாத்தான் இருக்கிறனா எண்டு எப்படித் தெரியும்?

நான் பார்க்கிற அறிகுறிகள் சில. வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் உடம்பு இறுகுகிறது. என்ன கேட்டால் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்க்கிறீர்கள். வாங்கிய சாமானின் விலையைக் குறைத்துச் சொல்கிறீர்கள். முன்பு வந்துபோன கூட்டாளிகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள், ஏன் என்று உங்களுக்கும் சரியாகத் தெரியாது. "உங்களுக்கு என்ன விருப்பம்?" என்று யாராவது கேட்டால் பதில் வரமாட்டேன் என்கிறது.

கடைசி அறிகுறிதான் எனக்கு முக்கியம். என்னிடம் வருபவர்களிடம் சாப்பாட்டில் என்ன பிடிக்கும் என்று கேட்டால், "அவருக்கு மீன் குழம்புதான்" என்று பதில் சொல்வார்கள். இன்னொன்று, காரணம் பிடிபடாத தலையிடி, வயிற்றெரிவு, நித்திரையின்மை என்று வைத்தியசாலைக்குத் திரும்பத் திரும்பப் போய், எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் நிறையப் பேர். பரிசோதனை செய்தது சரிதான், அதை விடக்கூடாது. ஆனால் வீட்டில் என்ன நடக்கிறது என்பதையும் அந்த வைத்தியரிடம் சொல்லுங்கள்.

அம்மா அடுத்த வளவிலதான். நாளுக்கு மூண்டு தரம் வாறா, எல்லாத்துக்கும் ஒரு கதை சொல்லுறா. வேலி போட்டாலும் கடப்படியால வருவா. அம்மாக்கு எப்படி எல்லை போடுற?

வெளியில் எழுதப்படும் ஆலோசனைகள் பாதி நம் பக்கத்துக்குப் பொருந்தாது. கொஞ்ச நாள் விலகி இருங்கள், தொடர்பைக் குறையுங்கள் என்பார்கள். இங்கே எப்படி விலகுவது? நம் பகுதியில், தமிழரிலும் முஸ்லிம்களிலும், வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகிறது. மூத்தவளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு, தாய் தகப்பன் அதே வளவில் அல்லது அடுத்த துண்டில் இளையவளோடு கட்டிக் குடியேறுவார்கள். அக்கா, தங்கை, பெரியம்மா, அம்மம்மா எல்லாரும் ஒரே கிணற்றடியில். பிரசவத்துக்கும் காய்ச்சலுக்கும் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. 2004 சுனாமிக்குப் பிறகு பல பிள்ளைகள் வளர்ந்தது இந்த ஏற்பாட்டில்தான். ஆனால் கணவனும் மனைவியும் தனியாக ஒரு சண்டை பிடிக்கக்கூட இடமில்லாத ஏற்பாடும் இதுதான்.

ஆகவே ஆளைத் தடுக்காதீர்கள், விஷயத்தைத் தடுங்கள். அம்மா வரட்டும், தேத்தண்ணி குடிக்கட்டும், பேரப்பிள்ளையை வைத்திருக்கட்டும். ஆனால் இரண்டு அல்லது மூன்று விஷயங்கள் அம்மாவோடு பேசப்படமாட்டாது: கணவனின் சம்பளம், கணவன் மனைவி சண்டை, அடுத்த பிள்ளை எப்போது என்பது. எவை என்று நீங்களே தெரிந்தெடுங்கள். அம்மா அந்தக் கதையை எடுத்ததும், "அது நாங்க பார்த்துக்கொள்ளுவம் அம்மா. கோழிக்குத் தீன் போட்டாச்சா?" அவ்வளவுதான். விளக்கம் சொல்லத் தொடங்கினால் வாதம் தொடங்கும். முதல் மாதம் மூஞ்சியை நீட்டுவார். அழவும் கூடும். அழட்டும், நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். எழும்பிப் போகவும் வேண்டாம், மனம் மாறி எல்லாவற்றையும் சொல்லிவிடவும் வேண்டாம்.

நான் வெளியூர். கலியாணம் முடிச்சு மனுசிர வீட்டில இருக்கிறன். வீடும் அவங்கட, கதையும் அவங்கட. எனக்கு அங்க என்ன இடம்?

ஆண்கள் கேட்கும் கேள்விகளில் இதுதான் முதலிடம், ஆனால் நேரே கேட்க மாட்டார்கள். மனுசியின் பிரச்சினை பற்றிக் கதைக்க வந்ததாகச் சொல்லி, எழும்பிப் போகும்போது வாசலில் நின்று கேட்பார்கள். மட்டக்களப்புக்குப் போனவனைப் பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்ற பழைய பகிடியைக் கூட்டாளிமார் சொல்லிச் சிரிக்கும்போது இவரும் சிரித்திருப்பார். உள்ளே எரிந்திருக்கும்.

வழக்கமாக நடப்பது இது. மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் "உங்கட விருப்பம்" என்று சொல்கிறார். பிறகு வேலை முடிந்தும் சந்தியில் நிற்கிறார், ராவைக்கு மெதுவாக வருகிறார். வீட்டில் அக்கறை இல்லாத மனுசன் என்று பெயர் வருகிறது. தன் அம்மாவுக்கு மாதாமாதம் களவாகக் காசு அனுப்புகிறார். அது பிடிபடும்போது, காசைவிட அந்தக் களவுதான் பெரிய சண்டையாகிறது. விருப்பம் இருந்தும் "உங்கட விருப்பம்" என்று சொன்ன இடத்தில்தான் அவர் தன்னை விட்டுக்கொடுத்தார். வீடு யாருடைய பெயரில் என்பது இதற்குப் பிறகுதான்.

வீட்டின் உரிமையைப் பற்றி வாதாடாதீர்கள். உங்களுக்கு உண்மையில் அக்கறை உள்ள விஷயங்களில் வாயைத் திறவுங்கள்: பிள்ளையின் பாடசாலை, உங்கள் சம்பளத்தில் உங்கள் தாய்க்கு எவ்வளவு, லீவு நாளில் எங்கே போவது. முதலில் மனைவியிடம், இருவரும் தனியாக இருக்கும்போது. மாமியிடம் நேரே போகாதீர்கள். மனைவி தாய்க்குச் சொல்வதும் கணவன் மாமிக்குச் சொல்வதும் ஒன்றாக இராது.

கோபம் வந்தா இவர் கிழமைக் கணக்கில கதைக்கமாட்டார். எப்பவும் நான்தான் போய் மன்னிப்புக் கேக்கிற. கேக்காட்டி வீடு நரகம்.

கோபம் ஆறுவதற்காகப் பேசாமல் இருப்பவர், ஆறியதும் பேசுவார். "இப்ப கதைக்க ஏலாது, பின்னேரம் கதைப்பம்" என்று ஒரு நேரமாவது சொல்வார். நீங்கள் கெஞ்சும்வரை பேசாமல் இருப்பது தண்டனை. ஒவ்வொரு முறையும் நீங்கள் போய்க் கெஞ்சும்போது அந்தத் தண்டனை வேலை செய்கிறது என்று இருவருமே கற்றுக்கொள்கிறீர்கள்.

செய்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள், உடனே, ஒரே ஒரு தரம். செய்யாததற்குக் கேட்காதீர்கள். "கதைக்க விருப்பம் வந்தாச் சொல்லுங்க, நான் இங்கதான் நிப்பன்" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு, சமைப்பது, பிள்ளையைப் பாடசாலைக்கு விடுவது, கோயிலுக்குப் போவது எல்லாம் வழக்கம்போல். பதிலுக்கு நீங்களும் மௌனம் காக்க வேண்டாம். சோற்றைப் போட்டுவிட்டு, கறி வேணுமா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பரவாயில்லை.

மாமியும் இவரும் ஆளுக்கு ஆள் கதைக்கிறேல்ல. அவ எனக்கிட்ட வந்து இவரைச் சொல்லுவா, இவர் வந்து அவவைச் சொல்லுவார். நடுவில நான் அரைபடுறன்.

முரே போவன் (1913–1990) என்ற அமெரிக்க மனநல மருத்துவர் குடும்பங்களைப் பற்றி நிறைய எழுதியவர். இரண்டு பேருக்கிடையே இறுக்கம் கூடும்போது மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துப் பாரத்தைப் பிரித்துக்கொள்வார்கள் என்று அவர் கவனித்தார். இதை முக்கோணம் என்றார். மூன்றாவது ஆள் உள்ளே வந்ததும் அந்த இருவருக்கும் கொஞ்சம் மூச்சு வருகிறது, ஆனால் அவர்களின் பிரச்சினை அப்படியே கிடக்கிறது. மூன்றாவது ஆளுக்குத்தான் நித்திரை போகிறது.

இரண்டு பக்கத்துக்கும் தூது போகாதீர்கள். ஒருவரோடு இருக்கும்போது மற்றவருக்கு எதிராகத் தலையாட்டவும் வேண்டாம். "மாமி, இதை அவரிட்ட நேரே சொல்லுங்க, நான் சொன்னா பிழையாப் போகும்." அதே வசனம் அவருக்கும். இருவரோடும் நல்லமாதிரி இருங்கள், அவர்களின் சண்டையில் மட்டும் இருக்காதீர்கள். கொஞ்ச நாளைக்கு இருவருமே உங்களைத் துரோகி என்பார்கள். அப்படிச் சொன்னால் வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கண்ணகி அம்மன் சடங்குக்கு எல்லாரும் ஒண்டாச் சேருவாங்க. மனஸ்தாபத்தில இருக்கிறவங்களுக்கு எப்படி முகம் குடுக்கிற?

வைகாசி பிறந்தால் வரும் கேள்வி. சிரித்து, "எப்படி இருக்கீங்க" என்று கேட்டு, குளிர்த்திச் சடங்கு பார்த்துவிட்டு வாருங்கள். அது நடிப்பாகாது, மரியாதை. சடங்கு வீட்டிலோ செத்தவீட்டிலோ பழைய கணக்கைத் தீர்க்க வேண்டாம். மற்றவர் தொடங்கினால், "இண்டைக்கு வேண்டாம்" என்று எழும்பிவிடுங்கள்.

இவர் கட்டார்ல. ஒரு நாளைக்குப் பத்து தரம் இமோவில எடுப்பார். எங்க நிக்கிற, ஆரோட நிக்கிற, போனைச் சுத்திக் காட்டு எண்டு. பாசத்தில எண்டுதான் சொல்லுறார்.

பாசமும் இருக்கும். ஒரே அறையில் ஆறு பேரோடு படுத்துக்கொண்டு ஊரை நினைப்பவருக்குப் பயம் வருவது இயல்பு. பயம் வந்தவர் "எனக்குப் பயமா இருக்கு" என்று சொன்னால் அதைக் கேட்கலாம், ஆறுதல் சொல்லலாம். போனைச் சுற்றிக் காட்டுவதால் அந்தப் பயம் போவதில்லை. நாளைக்கு இரண்டு தரம் சுற்றச் சொல்லும்.

நேரம் குறியுங்கள். காலையில் ஒன்று, ராவைக்குப் பிள்ளைகளோடு ஒன்று. அந்த நேரங்களில் முழு மனதோடு கதையுங்கள். வகுப்பில், வயலில், கூட்டத்தில் இருந்தால் எடுக்கமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் கொடுக்காமல் இருப்பதற்கு, மறைக்க ஏதாவது இருக்க வேண்டும் என்பதில்லை. உங்களுக்கு எழுதும் தங்கச்சியின் இரகசியமும் அந்தப் போனில்தான் இருக்கிறது. மனைவி வெளிநாட்டில், கணவன் இங்கே என்றாலும் இதே பதில்தான்.

நான் கொஞ்சம் நிமிர்ந்து கதைக்கத் தொடங்கினதும் அவர் இன்னும் மோசமாகிறார். பழையபடி இருந்திட்டுப் போகட்டா?

ஒருவர் மாறும்போது மற்றவர் பழைய இடத்துக்குத் தள்ளப் பார்ப்பார். முதலில் கோபம், பிறகு கேலி, பிறகு "நீ முந்தி இப்படியில்ல" என்ற அழுகை. பெரும்பாலான வீடுகளில் இது சில மாதங்களில் அடங்கும். நீங்களும் அவரும் புதிய ஒழுங்குக்குப் பழகுவீர்கள். ஆகையால் பெரிதாக அறிவித்துத் தொடங்காதீர்கள். சின்ன விஷயம் ஒன்றில் தொடங்கி அதில் நில்லுங்கள்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, இதைக் கவனமாக வாசியுங்கள். மோசமாகிறார் என்பது கையை ஓங்குவது, கழுத்தைப் பிடிப்பது, கத்தியைத் தூக்குவது, வெளியே போகவிடாமல் பூட்டுவது என்றால் மேலே சொன்ன எதையும் அந்த வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். அங்கே நிமிர்ந்து பேசுவது தைரியத்தைப் பற்றிய விஷயமாக இருக்காது. முதலில் பாதுகாப்பு. அடுத்த பதிலையும் கடைசிப் பதிலையும் பாருங்கள்.

அடிக்கிறேல்ல. ஆனா பிள்ளைகளுக்கு முன்னால, அக்கம்பக்கம் கேக்க, நாய் மாதிரிப் பேசுவார். அடிக்காட்டியும் அது வன்முறையா?

ஓம். இலங்கையின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உடம்பில் படும் அடியை மட்டும் பார்ப்பதில்லை. கொடூரமான, இழிவுபடுத்தும், அவமானப்படுத்தும் நடத்தை பாரதூரமானதாகத் திரும்பத் திரும்ப நடந்தால் அதை உணர்வு ரீதியான துன்புறுத்தலாக எடுத்துக்கொள்கிறது. கணவன் மனைவிக்கு மட்டும் உரியதும் இல்லை. பெற்றோர், பிள்ளைகள், சகோதரர்கள், முன்னாள் துணை எல்லாரும் அதற்குள் வருவார்கள்.

நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். நீங்களும் கேட்கலாம், உங்கள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் கேட்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாள் வரைக்கும், விசாரணைக்குப் பிறகு வரும் கட்டளை 12 மாதம் வரைக்கும் இருக்கலாம். துன்புறுத்துபவர் வீட்டுக்குள் வரக்கூடாது என்றும் அதில் சொல்லலாம். பொலிஸில் "குடும்பப் பிரச்சினை, சமாதானமாப் போங்க" என்று திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. அப்படி அனுப்பினால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாகச் சட்டத்தரணி கிடைக்கும். திகதி போட்டு ஒரு கொப்பியில் என்ன நடந்தது என்று எழுதி வையுங்கள், அந்தக் கொப்பியை வேறு வீட்டில் வையுங்கள்.

நாங்க முஸ்லிம் ஆக்கள். எங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்துமா, இல்ல காதியாரிட்டத்தானா?

இரண்டும் வேறு வேறு. வீட்டு வன்முறைச் சட்டம் மதம் பார்ப்பதில்லை. கல்முனையிலோ காத்தான்குடியிலோ இருக்கும் முஸ்லிம் பெண்ணும் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். விவாகரத்து, அதாவது மனைவி கேட்கும் பஸஹ் போன்றவை, 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி காதி நீதிமன்றத்தில். ஒன்றுக்குப் போனதால் மற்றதற்குப் போகக்கூடாது என்று இல்லை.

சீதன வீடு என்ர பேரில. அதை ஈடு வெச்சு கடன் எடுக்கக் கையெழுத்து வை எண்டு நிக்கிறார். வைக்காட்டி நம்பிக்கை இல்லையா எண்டு கேக்கிறார்.

மற்ற எந்த இடத்திலும் விட்டுக்கொடுத்துப் பழகலாம், கையெழுத்தில் பழகாதீர்கள். முதல் பதிலில் சொன்னது இங்கேதான் முழுதாக வருகிறது: மனமில்லாத தலையாட்டலை நாளைக்கு வாபஸ் வாங்கலாம், நொத்தாரிசு முன்னால் வைத்த கையெழுத்தை அப்படி வாபஸ் வாங்க முடியாது.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். கணவனின் சம்மதம் இல்லாமல் மனைவி தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது என்று இங்கேயும் பலர் நம்புகிறார்கள். அது வடக்குத் தமிழர்களுக்குரிய தேசவழமைச் சட்டத்தில் உள்ளது. மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழர்களுக்குப் பொதுச் சட்டம்தான். உங்கள் பெயரில் காணி உறுதி இருந்தால் முடிவு உங்களுடையது. கணவர் யாழ்ப்பாணத்தவர் என்றால் கணக்கு மாறக்கூடும், சட்டத்தரணியைக் கேளுங்கள்.

நம்பிக்கை இல்லையா என்ற கேள்விக்கு: "உங்களில நம்பிக்கை இருக்கு. பிள்ளைகளுக்கு இருக்கிற ஒரே கூரையை ஈட்டில வைக்க எனக்கு மனமில்ல." நுண்கடன் குழுவில் பெயர் கொடுப்பதும் பிணை நிற்பதும் இப்படித்தான். கிழமைக் காசு கட்ட முடியாமல் போகும்போது வாசலில் வந்து நிற்பவர்கள் உங்கள் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். ஆர் எடுக்கச் சொன்னது என்று கேட்கமாட்டார்கள்.

அப்பா பிரச்சினை காலத்தில கண்டதும் பட்டதும் கொஞ்சமில்ல. 90இல அவர்ர கண்ணுக்கு முன்னால தம்பியைக் கொண்டு போனாங்க. இப்ப குடிச்சிட்டு எங்களை வதைக்கிறார். அவரை எப்படிக் குறை சொல்லுற?

இந்தக் கேள்விக்கு லேசான பதில் என்னிடம் இல்லை. நம் பக்கத்தில் இந்தக் கதை இல்லாத தெரு குறைவு. சத்தத்துக்குத் திடுக்கிடுவது, நித்திரை இல்லாமல் ராவு முழுக்க முற்றத்தில் நடப்பது, ஒன்றுமில்லாததற்கு வெடிப்பது, மரத்துப்போன மாதிரி இருப்பது எல்லாம் அந்த யுத்த காலம் உடம்பில் விட்டுப்போனவை. அவற்றுக்குக் குடி மருந்தாகிறது. பிறகு குடியே நோயாகிறது.

அவர் ஏன் இப்படி ஆனார் என்பது உங்களுக்கு விளங்குகிறது. அதனால் அவர் செய்வதையெல்லாம் நீங்கள் தாங்க வேண்டும் என்று ஆகாது. இரண்டையும் ஒரே மனதில் வைத்திருக்கலாம். "அப்பா பட்ட பாடு எனக்குத் தெரியும். அம்மாவை அடிக்க விடமாட்டன்" என்று ஒரே மூச்சில் சொன்ன ஒரு மகனை எனக்குத் தெரியும். குடித்திருக்கும்போது சொல்லவில்லை, விடியற்காலையில், தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார்.

அப்பாவுக்கு மருத்துவம் இருக்கிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மற்ற ஊர்களில் அரச வைத்தியசாலையில் கேட்டால் கிளினிக் எங்கே என்று சொல்வார்கள். "விசர் ஆஸ்பத்திரி" என்று பயந்தால், நித்திரை வருவதில்லை என்பதற்காகக் கூட்டிக்கொண்டு போங்கள். பொய்யும் இல்லை, அவருக்கும் அது பெரிய ஆறுதலாக இருக்கும். வரமாட்டேன் என்றால் நீங்கள் மட்டும் போய் ஆலோசனை கேட்கலாம்.

நான் விலகினா செத்துப்போவன் எண்டு சொல்லுறார். அதுக்குப் பயந்துதான் இருக்கிறன்.

மிரட்டலா உண்மையா என்று வீட்டில் இருந்துகொண்டு கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தரமும் உண்மை என்றே எடுங்கள். நேரே கேளுங்கள்: "சாகிற யோசனை வருதா?" கேட்பதால் அந்த யோசனை வந்துவிடாது. வீட்டில் இருக்கும் வேறு ஒரு பெரியவருக்கு உடனே சொல்லுங்கள். வயலுக்கு வாங்கிய மருந்து வீட்டில் இருந்தால் அன்றைக்கே வேறு இடத்துக்கு அனுப்புங்கள். 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்த இலங்கையின் தற்கொலை விகிதம், கடும் நச்சுள்ள பூச்சிமருந்துகளைத் தடை செய்தபின் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த நேரத்து வேகம் கடந்துபோகும். கைக்கெட்டாமல் இருந்தால் ஆள் பிழைப்பார். வைத்தியசாலைக்குக் கூட்டிப் போகலாம். 1926 என்ற இலக்கம் தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி உதவி, 1333 என்ற உளவளத்துணை இலக்கத்தையும் எடுக்கலாம்.

இவ்வளவும் செய்வது ஒரு உயிருக்காக. விலகமாட்டேன் என்று வாக்குக் கொடுப்பது அதற்குள் வராது. உங்கள் முடிவைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம், மாற்றிச் சொல்லக்கூடாது. "நீங்க உயிரோட இருக்கணும், அதுக்கு உதவி எடுப்பம். மற்றதைப் பிறகு கதைப்பம்." அவருடைய உயிருக்குக் காவல் நிற்கும் வேலையை உங்கள் தோளில் மட்டும் வைத்திருக்காதீர்கள், அண்ணன், மச்சான், வைத்தியர் என்று பகிருங்கள். உங்களுக்கே அப்படி யோசனை வந்தாலும் இதே இலக்கங்கள்தான்.

இதையெல்லாம் வாசிச்சா, அந்தக் கஷ்டமான ஆள் நான்தானோ எண்டு வருது.

வந்தால் நல்லது. நாள்கணக்கில் மௌனம் காப்பவர், போனைச் சுற்றிக் காட்டச் சொல்பவர், அடுத்த வளவிலிருந்து நாளுக்கு மூன்று தரம் வருபவர், எல்லாரும் இந்தப் பக்கத்தை வாசிப்பார்கள்தானே. ஒரு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்காக "எல்லாம் உன்னாலதான்" என்று கேட்டுப் பழகியவருக்கும் இதே யோசனை வரும். வித்தியாசம் தெரிய ஒரு வழி: வீட்டில் உங்களைக் கண்டு யார் பயப்படுகிறார்கள் என்று பாருங்கள். நீங்கள் உள்ளே வந்ததும் பிள்ளைகள் சத்தம் நின்றால் யோசிக்க வேண்டும். நீங்கள்தான் பயப்படுகிறவர் என்றால் பதில் வேறு.

முதல் வகை என்றால், பெரிய மன்னிப்புக் கூட்டம் ஒன்றும் வைக்க வேண்டாம். மனைவியோ மகளோ அடுத்த தரம் "ஏலாது" என்று சொல்லும்போது, சரி என்று விட்டுப் பாருங்கள்.

பிரியிற எண்டு முடிவெடுத்திட்டன். இது நான் எடுத்த முடிவா, கோபம் எடுத்த முடிவா?

கோபத்தில் எடுத்த முடிவு அவரைப் பற்றியே இருக்கும்: அவருக்குப் பாடம் படிப்பிக்க வேணும், அவர் அழ வேணும். உங்கள் முடிவில் நீங்கள் இருப்பீர்கள்: எங்கே இருப்பேன், எதைச் சாப்பிடுவேன், பிள்ளை எந்தப் பாடசாலை. அவர் நாளைக்கே திருந்தி வந்தாலும் பிரிவேனா என்று கேட்டுப் பாருங்கள். அமைதியான ஒரு மாதத்திலும் அதே பதில் வந்தால் அது உங்களுடையது. உயிராபத்து இருந்தால் இந்தச் சோதனை எதுவும் தேவையில்லை, வெளியேறுங்கள்.

சட்டத்தில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். முஸ்லிம் சட்டமோ கண்டிச் சட்டமோ பொருந்தாதவர்களுக்கு, ஒத்துவரவில்லை என்பது மட்டும் இலங்கையில் விவாகரத்துக்குக் காரணமாகாது. பிறருடன் தகாத உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், திருமண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு என மூன்று காரணங்கள்தான், மாவட்ட நீதிமன்றத்தில். யார் யாரைக் கைவிட்டது என்பதே வழக்காகும். அதனால் பெட்டியைக் கட்ட முன்னர் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள். பிரிந்து வாழ்ந்தாலும் 1999ஆம் ஆண்டு 37ஆம் இலக்கச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்பு, அதாவது வாழ்க்கைச் செலவுக்கான காசு, கேட்கலாம். அதற்கு விவாகரத்து வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

ஆரிட்டச் சொல்லுற? பிரதேச செயலகத்துக்குப் போனா அங்க இருக்கிறவவும் எங்கட சொந்தக்காரிதான். பின்னேரத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும்.

நியாயமான பயம். ஊர் சின்னது. உங்கள் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரும் இருப்பார்கள். சொந்தக்காரர் என்றால் அடுத்த பிரதேசத்துக்குப் போய்க் கேளுங்கள். அக்கரைப்பற்றில் இருப்பவர் கல்முனைக்கு வந்து கதைப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 1938 என்ற இலக்கம் பெண்களுக்கான இலவச தொலைபேசி, ஊரில் யாரும் பார்க்கமாட்டார்கள். பிள்ளைகள் சம்பந்தப்பட்டால் 1929. மட்டக்களப்பு நகரில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் நீண்டகாலமாக இந்த வேலை செய்கிறது. பொலிஸ் நிலையங்களில் சிறுவர், மகளிர் பிரிவைக் கேளுங்கள்.

முதல் நாளே முழுக் கதையும் சொல்லத் தேவையில்லை. போனதும், "நான் சொல்லுறதை எழுதி ஆருக்குக் காட்டுவீங்க?" என்று கேளுங்கள். பதில் திருப்தி என்றால் தொடங்குங்கள். இல்லாவிட்டால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வரலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். போகும்போது அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் ஆகியவற்றின் கொப்பிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூலப்பிரதிகளை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் விட்டு வையுங்கள்.